வெடி இல்லாமல் உடைந்த பாறை

எங்கள் சித்தப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். இதை அவரே சொல்லிக்கொள்வார், அதுவும் அடிக்கடி. அவர் சொல்லைக் காப்பாற்றும் விதத்தை நான் ஒரே ஒரு முறை கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு யாராவது என்னிடம் சத்தியம் செய்ய வந்தால் வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற ரோட்டில் பாதி வழியில் எங்கள் ஊருக்கு ஒரு மண்பாதை உள்ளே பிரியும். அதில்தான் எங்கள் நிலம் இருந்தது. அப்பாவை நாங்கள் நைனா என்போம்; அவருக்கும் சித்தப்பாவுக்கும் பொதுவான நிலம். அதன் முகப்பிலேயே, பாதையை ஒட்டி ஒரு பாறை கிடந்தது. உயரம் பெரிதாக ஒன்றுமில்லை, அப்போது மூன்றாம் வகுப்பு படித்த என் இடுப்பளவு இருக்கும். ஆனால் தட்டையாக, அகலமாகப் பரந்து கிடக்கும். அதை ஒட்டினாற்போல் அத்தையின் ஓட்டு வீடு. அத்தை நைனாவுக்கு அக்கா. கல்யாணமான நாலாம் வருஷமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவள். பாறையும் வீடும் உனக்கு என்று தாத்தா வாயால் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். எழுதிக் கொடுக்கவில்லை. பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கும்போது பெண்ணுக்கு எதற்குப் பத்திரம் என்று நினைத்திருப்பார்.

ஒரு பாறையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்கலாம். அத்தை அதை வைத்துத்தான் சாப்பிட்டாள். அறுப்பு முடிந்ததும் சுற்றியிருக்கிற நெல்லெல்லாம் அங்கேதான் காய வரும். தார் ரோட்டில் கொட்டினால் லாரி ஏறும், பொடிக்கல் கலக்கும். பாறையில் அந்தத் தொல்லை கிடையாது. அத்தை காலையிலேயே பாறையைச் சுத்தமாகப் பெருக்கி வைப்பாள். வெயில் ஏற ஏறக் காலால் நெல்லைக் கிளறிவிட்டுக்கொண்டே இருப்பாள். ஆடு கோழி அண்ட விடமாட்டாள். மழை இருட்டினால் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடுவாள். மூட்டை கட்டும்போது நெல்லுக்குச் சொந்தக்காரர்கள் ஒரு முறம் அவளுக்கென்று அள்ளி வைத்துவிட்டுப் போவார்கள். நெல் இல்லாத நாட்களில் வேர்க்கடலை, உளுந்து, மிளகாய். தம்பிகள் வீட்டு வாசலில் ஒரு நாளும் கையேந்தி நிற்காமல் அவள் காலம் தள்ளியது அப்படித்தான். அந்த ரோஷம் அவளுக்கு நிறைய இருந்தது.

பிறகு எங்கள் பக்கம் மனை போடுகிற வியாதி வந்தது. நேற்று நாற்று நட்ட வயலில் இன்று மஞ்சளும் சிவப்புமாகக் கல் நட்டிருப்பார்கள். எங்கள் நிலத்தைப் பார்க்கவும் ஒருவர் காரில் வந்தார். நிலம் பிடித்திருந்தது, முகப்பு பிடிக்கவில்லை. மனைக்கு ரோடு போட வேண்டிய இடத்தில் பாறை கிடக்கிறது, வெடி வைத்து எடுத்துக்கொடுங்கள், அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அத்தை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தலைமுடியை அவிழ்த்து விட்டிருந்தாள். ஒரு பெண், அதிலும் கூடப்பிறந்தவள், தலைவிரி கோலமாக வந்து வாசல் மண்ணை வாரித் தூற்றிவிட்டால் அந்தக் குடும்பம் விளங்காது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. தாசில்தாருக்கும் போலீசுக்கும் பயப்படாத சித்தப்பா அதற்குப் பயந்தார். அவள் குனிவதற்குள் நைனா ஓடிப்போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்கே மூவரும் பொன்னியம்மன் கோயிலுக்குப் போனார்கள். நாங்களும் பின்னால் போனோம். அத்தை படிக்கல்லின்மேல் கற்பூரத்தை ஏற்றினாள். அவள் சொல்லச் சொல்லத் தம்பிகள் இரண்டு பேரும் திருப்பிச் சொன்னார்கள்.

"இந்தப் பாறைல வெடி வெக்க மாட்டோம். வெடி வெக்க ஆளையும் வுட மாட்டோம்."

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார்கள். சித்தப்பா சற்று ஓங்கியே அடித்தார்.

வார்த்தைகள் அத்தையுடையவை. அவளே யோசித்து, அவளே அடியெடுத்துக் கொடுத்தவை. அவள் கல்குவாரிகளைப் பார்த்து வளர்ந்தவள். பாறை உடைய வேண்டுமானால் வெடி வைக்க வேண்டும், வெடி வைக்காவிட்டால் பாறை இருக்கும். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எங்கள் ஊரில் யாருக்குமே அதற்கு மேல் தெரியாது.

ஒரு வருஷம் பாறை நிம்மதியாகக் கிடந்தது. சித்தப்பாதான் நிம்மதியாக இல்லை. ஒரு நாள் காஞ்சிபுரம் போய்த் திரும்பியவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நைனாவிடம் வந்து உட்கார்ந்தார். அங்கே வீடுகளுக்கு நடுவில் அஸ்திவாரம் தோண்டுகிற இடத்தில் பாறை வந்ததாம். வெடியே இல்லாமல் உடைத்தார்களாம். பிளாஸ்டிக் குழல், உள்ளே உப்பு மாதிரி ஏதோ பொடி. பாறையில் ஓட்டை போட்டுக் குழலை இறக்கி, வாயை இறுக்கி அடைத்து, கரண்டு கொடுத்தால் பொடி முழுக்க ஒரே மூச்சில் கேஸாக மாறுகிறது. வெளியே வர வழியில்லாத கேஸ் பாறையைப் பிளந்துகொண்டு வருகிறது. கல் பறக்காது, பக்கத்து வீட்டுச் சுவர் விரியாது.

"யக்கா கேட்டது இன்னா? வெடி வெக்கக் கூடாது. நாம எங்க வெடி வெக்கிறோம்? இது கேஸு."

"அம்மன் முன்னாடி கற்பூரம் அட்ச்சிக்கீறோம்டா."

"அதத்தான் நானும் சொல்றேன். சொன்னது சொன்னபடியே கீது."

நைனா நல்லவர் என்று ஊரில் பெயர். நல்லவர் என்பதால் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பூசாரியைக் கேட்டுவிடலாம் என்றார். தான் செய்யப்போகிற காரியத்தை இன்னொருவர் வாயால் சரி என்று கேட்டுக்கொள்ளும் வழக்கம் அவருக்கு எப்போதுமே உண்டு. பூசாரி எல்லாவற்றையும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"இதுக்கு வெடி லைசென்சு வேணுமா?"

"வேணாம்னு ஒடைக்கிறவன் சொல்றான்," என்றார் சித்தப்பா.

"கவர்மெண்டே வெடின்னு சொல்லாதத அம்மன் இன்னாத்துக்கு வெடின்னு சொல்லப்போவுது?"

அந்த வருஷ ஆடி மாதத்தில் பூசாரி கட்டியிருந்த புது வேட்டி யார் வாங்கிக் கொடுத்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

நவரைப் பட்டத்து அறுப்பு ஓய்ந்து, கடைசி மூட்டையும் பாறையைவிட்டுப் போன பிறகு, ஒரு சனிக்கிழமை கம்ப்ரசர் பூட்டிய டிராக்டர் வந்து நின்றது. அத்தை வெளியே வந்தாள். டிராக்டரைப் பார்த்தாள், தம்பிகளைப் பார்த்தாள்.

"சத்தியம் பண்ணீங்களேடா."

"சத்தியம் அப்டியேதான் கீது யக்கா," என்றார் சித்தப்பா. "வெடி கெடையாது. இது கேஸு. உன் வூட்டு ஓடு ஒண்ணு அசைஞ்சாலும் என்ன செருப்பால அடி."

"நான் வூட்டயா கேட்டேன்?"

நைனா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடியும் தோளிலேயே போட்டுக்கொண்டார். அத்தை அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னத் தம்பியை அவள் பார்க்கவே இல்லை. அவரிடம் அவள் எதையும் எதிர்பார்த்திருக்க மாட்டாள் என்று இப்போது தோன்றுகிறது.

ஓட்டை போடுகிற வேலை மத்தியானம் வரைக்கும் நடந்தது. பாறையை உடைத்த சத்தத்தைவிட அதற்கு ஓட்டை போட்ட சத்தம்தான் காதைப் பிளந்தது. அப்புறம் குழல்களை ஒவ்வொன்றாக இறக்கி, மேலே கல்தூளைப் போட்டுக் கம்பால் இடித்து இறுக்கினார்கள். ஓட்டைக்கு ஓட்டை ஒயரை இணைத்தார்கள். மணல் மூட்டைகளைப் பரப்பினார்கள். ஊரில் பாதி தள்ளி நின்று வேடிக்கை பார்த்தது.

சித்தப்பாவுக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் எடுத்து, விளிம்பு தளும்ப, அத்தை வீட்டு வாசற்படியில் வைத்தார். என்னைக் கூப்பிட்டு, நான் நிற்க வேண்டிய தூரத்தைக் காட்டி, அங்கிருந்து அந்தச் சொம்பை மட்டும் பார்க்கச் சொன்னார். ஒரு சொட்டு சிந்தினாலும் நான் உரக்கச் சொல்ல வேண்டும், வேலையை அங்கேயே நிறுத்திவிடுவார். அத்தனை பேர் முன்னால் எனக்கு அப்படி ஒரு உத்தியோகம். கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தேன்.

பட்டனை அழுத்தினார்கள். லாரியிலிருந்து நெல் மூட்டையைக் கீழே தள்ளினால் வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம், அடுத்தடுத்து. கொஞ்சம் வெள்ளைப் புகை. அவ்வளவுதான். சொம்பில் தண்ணீர் லேசாக நடுங்கி அடங்கியது.

"ஒரு சொட்டுகூட சிந்தல சித்தப்பா," என்று கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள், யாரோ கை தட்டினார்கள். அப்புறம்தான் பாறையைத் திரும்பிப் பார்த்தேன். மூட்டை இடுக்குகளில் தெரிந்த மட்டும், ஓட்டைக்கு ஓட்டை கோடு போட்ட மாதிரி வெடித்திருந்தது. அது உடைகிற நேரத்தில் நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மணல் மூட்டைகளை எடுத்ததும் அத்தை நடந்துபோய்ப் பாறையின் பக்கத்தில் குனிந்தாள். அம்மா என்னை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் விட்டுக்கொண்டாள். சித்தப்பா முகத்தில் ரத்தமே இல்லை. நைனா, "யக்கா, வேணாம் யக்கா," என்று முனகியது எனக்குக் கேட்டது.

அத்தை நிமிர்ந்தபோது கையில் இருந்தது மண் இல்லை, நெல். வருஷக்கணக்காகப் பாறை இடுக்குகளில் விழுந்து துடைப்பத்துக்கும் எட்டாமல் கிடந்த நெல், பாறை விரிந்ததும் வெளியே தெரிந்திருக்கிறது. புழு அரித்தது, கறுத்தது, போன வாரத்துப் புது நெல், எல்லாம் கலந்து. ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டாள். சித்தப்பாவுக்கு உயிர் வந்தது. இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று சத்தமாகவே சிரித்தார். நான் அம்மாவின் பிடியை உதறிவிட்டு ஓடி, அத்தையோடு உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தேன். எனக்கு அது விளையாட்டாக இருந்தது. இரண்டு பேரும் பொறுக்கியதில் நல்ல நெல் ஒரு பிடி தேறியது.

சாயங்காலம் ஜேசிபி வந்து துண்டுகளைப் புரட்டிப் போட்டது. அந்தக் கல்லில் கொஞ்சம் மனைக்கு வளைவு கட்டப் போனது, மீதி எங்கள் புது வீட்டு அஸ்திவாரத்தில் கிடக்கிறது. நான் கல்லூரியில் படித்ததும் அந்த நிலம் விற்றதில்தான். அத்தை வீடு, சித்தப்பா சொன்ன மாதிரியே, ஒரு ஓடுகூட அசையாமல் நின்றது. அடுத்த அறுப்புக்கு அவள் ஒரகடத்துப் பக்கம் ஒரு கம்பெனிக்குப் பெருக்கித் துடைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். விடிவதற்குள் வேன் வந்துவிடும். நெல் கிளறிய காலோடு அந்த வேனில் ஏறி இறங்க அவளுக்கு முதலில் சிரமமாக இருந்தது என்று கேள்விப்பட்டேன். அந்தப் பாதையில் நைனா இன்றுவரை போவதில்லை. உத்திரமேரூர் போக வேண்டுமானால் சுற்றிக்கொண்டு போகிறார்.

ஆனால் அதெல்லாம் பிறகு. பாறை உடைந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டில் கறி எடுத்திருந்தார்கள். மனைக்காரர் போனில் சரி என்று சொல்லியிருந்தார். அத்தையைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வா என்று நைனா என்னை அனுப்பினார். நேரில் போய்க் கூப்பிட அவருக்கு முகம் இல்லை.

அத்தை வீட்டுக்குள் சின்ன உரலில் எதையோ குத்திக்கொண்டிருந்தாள்.

"அத்தே, கறிக்கொழம்பு. நைனா இட்டுக்கினு வரச் சொல்லுச்சு."

"நீ போ கண்ணு. எனக்கு வேல கீது."

"இன்னா வேல?"

"அரிசி குத்திக்கினு கீறேன்."

உரலுக்குள் எட்டிப் பார்த்தேன். நாங்கள் பொறுக்கிய நெல். உமி நீங்கி, உடைந்தும் உடையாமலும் கொஞ்சம் அரிசி.

"சோறாக்கவா அத்தே?"

"சோத்துக்கு இல்ல கண்ணு. வாய்க்கரிசிக்கு."

அதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபம் இல்லை. குத்திய அரிசியை ஒரு வெள்ளைத் துணியில் கொட்டி முடிந்து, மாடத்தில் வைத்தாள். பொன்னி அரிசி, பச்சரிசி மாதிரி அதுவும் ஒரு வகை அரிசி என்று நினைத்துக்கொண்டு நான் வீட்டுக்கு ஓடினேன்.

இலை போட்டிருந்தார்கள். சித்தப்பா சொம்புக் கதையை மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை எங்கே என்று நைனா கேட்டார்.

"வரலியாம். நேத்து பொறுக்குனோம்ல நெல்லு, அத்த குத்திக்கினு கீது. வாய்க்கரிசிக்காம்."

சித்தப்பாவின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. அம்மா கரண்டியை அப்படியே குழம்புச் சட்டியில் விட்டாள்.

"யாருக்குன்னு சொல்லுச்சா?" என்று கேட்டார் நைனா.

"சொல்லல. நானும் கேக்கல."

நைனாவும் சித்தப்பாவும் வைத்த கண் எடுக்காமல் என்னையே பார்த்தார்கள். அந்த அரிசிக்குத்தான் இரண்டு பேரும் ஆசைப்படுகிறார்கள் என்று நினைத்தேன். ஏமாந்துவிடக் கூடாதே என்று உள்ளதைச் சொன்னேன்.

"கொஞ்சூண்டுதான் கீது நைனா. ரெண்டு பேருக்கெல்லாம் பத்தாது."

வாய்க்கரிசிக்கு எவ்வளவு வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒரு பிடி இருந்தால் ஒரு குடும்பத்துக்கே போதும்.