மாமனாரின் குளியலறைப் பாட்டு

இசை அறக்கட்டளைக்குப் போட்ட விண்ணப்பம் மூன்றாவது தடவையும் தள்ளுபடியாகித் திரும்பியபோது பிசியோ அம்மா யாரையும் திட்டவில்லை. அதுதான் அவள் கணவருக்குப் பயமாக இருந்தது. முதல் தடவை சமையலறைப் பாத்திரங்கள் படாத பாடு பட்டன. இரண்டாம் தடவை அறக்கட்டளைக்காரர்களின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துப் பேசினாள். இப்போது என்னடாவென்றால், கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சாப்பிடலாமா என்று கேட்கிறாள். அவர் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர். சத்தமே போடாத மோட்டாரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்று தொழிலில் தெரிந்துகொண்டவர். தட்டை எடுத்து வைத்தார்.

மருத்துவமனையில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் பிசியோ அம்மாதான். தரைத்தளத்தில், எக்ஸ்ரே அறையைத் தாண்டினால் அவளுடைய பிசியோதெரபி அறை. இரண்டு கட்டில், சுவரோடு பதித்த கம்பி, ஆணியில் தொங்கும் ரப்பர் பட்டைகள், ஒரு கால் கழன்று போன இடுப்பெலும்புப் பொம்மை. முட்டி மடங்காதவர்கள், தோள் உயராதவர்கள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் என்று காலையிலிருந்து ஆள் மாற்றி ஆள் வருவார்கள். அவர்களுக்குள் ஆயிரம் வித்தியாசம் இருக்கலாம், ஆனால் எண்ணச் சொன்னால் எல்லோரும் ஏமாற்றுவார்கள். பத்து எண்ணும்வரை காலைத் தூக்கிப் பிடியுங்கள் என்றால் ஒன்று, இரண்டு, எட்டு, பத்து என்று ஓடிவிடுவார்கள்.

சினிமாப் பாட்டு போட்டுப் பார்த்தாள். தூக்கிய காலைத் தூக்கியபடியே, அந்தப் படம் ஓடியதா ஓடவில்லையா என்று இரண்டு கட்டிலுக்கும் சண்டை மூண்டது. தலையில் அடித்துக்கொண்டு, தானே மெட்டுப் போட ஆரம்பித்தாள். காலைத் தூக்கும்போது மேலே ஏறுகிற மெட்டு, பிடித்து நிற்கும்போது நின்று அசைகிற மெட்டு, இறக்கும்போது படிப்படியாக இறங்குகிற மெட்டு. பாட்டு முடியாமல் காலை இறக்கினால் பாடுகிறவருக்கே ஒரு மாதிரியாக இருக்கும். அதனால் யாரும் ஏமாற்றவில்லை.

அப்படிப் போட்டதில் ஒரு மெட்டு மட்டும் அவளை விடவில்லை. பேருந்தில் வரும்போதும் போகும்போதும் கைப்பேசியில் முணுமுணுத்துப் பதிந்து, அழித்து, மறுபடி பதிந்து, வார்த்தையும் எழுதிவிட்டாள். மொட்டை மாடியில் துணி காயப் போட்ட ஒருத்தி மேகத்திடம் கெஞ்சுகிற பாட்டு. 'மேகமே கொஞ்சம் பொறு, கொடியில் துணி காயட்டும்' என்று தொடங்கும். வயலினும் செல்லோவும் சேர்ந்தால் அது எப்படி இருக்கும் என்று அவளுக்கு மண்டைக்குள் கேட்டது. வெளியே கேட்க வைக்கத்தான் பணம் இல்லை.

புதிய இசை படைப்பவர்களுக்கு ஓர் அறக்கட்டளை நல்கை கொடுக்கிறது என்று கேள்விப்பட்டது அப்போதுதான். வாத்தியக்காரர்களுக்கும் ஒலிப்பதிவுக்கும் அவர்களே பணம் தருவார்கள். பாட்டு வெளிவரும்போது கீழே 'பாட்டும் இசையும்' என்று போட்டு, போட்டவர் பெயரை அச்சடிப்பார்கள். அவளுக்குப் பணத்தைவிட அந்த ஒரு வரிமேல்தான் கண். இத்தனை வருஷமாக எத்தனையோ பேருடைய கால்களுக்கும் தோள்களுக்கும் அவள் மெட்டுப் போட்டிருக்கிறாள். இதை யார் போட்டது என்று ஒரு ஆள் கேட்டதில்லை.

ஆனால் அந்த அறக்கட்டளைக்கு விண்ணப்பம் போடுவதற்கு, பாறாங்கல்லை முட்டியில் கட்டிக்கொண்டு மாடி ஏறலாம். முதல் வருஷம், உங்கள் இசை எந்த வகை என்று கேட்டிருந்தார்கள். அவர்கள் கொடுத்த எந்த வகையிலும் அவள் பாட்டு அடங்கவில்லை. 'பிற' என்று குறித்தாள், வகை தெளிவாக இல்லை என்று திருப்பினார்கள். அடுத்த வருஷம், படைப்பால் சமூகத்துக்கு விளையும் பயனை விளக்கச் சொன்னார்கள். முட்டி மடங்கும் என்று உள்ளதை எழுதினாள். விளையாட்டாக எழுதியிருக்கிறாள் என்று திருப்பினார்கள். இந்த வருஷம் எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு அவர்களுக்குப் பிடித்த மாதிரி எழுதி, தன் குரலிலேயே பாட்டையும் பதிந்து அனுப்பியிருந்தாள்.

இந்தத் தடவை வந்த பதில்தான் அவள் வாயை அடைத்துவிட்டது. அனுப்பிய பாடல் மரபுவழிப் பாடல் என்று நடுவர் குழுவுக்குத் தெரிய வந்திருப்பதால், அது சொந்தப் படைப்பு ஆகாதாம். மறுபரிசீலனை வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமைக்குள் ஆதாரத்தோடு எழுதலாமாம். மரபுவழிப் பாடல். மூன்று வருஷத்துக்கு முன்னால் பேருந்தில் இடிபட்டுக்கொண்டு போட்ட பாட்டு.

மறுநாள் மதிய இடைவேளையில் அறக்கட்டளை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள். பேசிய எழுத்தர் பெண் நல்ல மாதிரி. சொல்லக்கூடாது என்று சொல்லிக்கொண்டே கூட்டக் குறிப்பைப் படித்துக் காட்டினாள். நடுவர்களில் ஒருவர் இசைப் பேராசிரியர். பாட்டைக் கேட்டதும், இது என் மாமனார் தினமும் குளியலறையில் பாடுகிற பாட்டாயிற்றே என்றாராம். மாமனார் ஓய்வு பெற்ற பூகோள ஆசிரியர், அவருடைய தாயார் பாடிக் கேட்டதாம். அப்படியென்றால் குறைந்தது மூன்று தலைமுறைப் பாட்டு என்று குழு முடிவு கட்டிவிட்டது.

பிசியோ அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பூகோள ஆசிரியர் அவளிடம்தான் வியாழக்கிழமைதோறும் வருகிறார்.

வருவது முட்டிக்கோ தோளுக்கோ இல்லை. அவருக்குச் சிறுநீர் அடங்குவதில்லை. இருமினால், தும்மினால், பேருந்து ஒரு குலுக்குக் குலுக்கினால் போதும். ஊரில் எந்தத் தெருவில் எந்தக் கடைக்குப் பின்னால் கழிப்பறை இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பூகோளத்தில் இப்போது உதவுவது அதுதான் என்று ஒருமுறை அவரே சொல்லியிருக்கிறார். இடுப்புக்கு அடியில் இருக்கிற தசையை இறுக்கிப் பிடித்து, மெல்ல விடுகிற பயிற்சி அது. ஆரம்பத்தில் அவர் தசையை விட்டுவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். அதனால்தான் அவள் அந்த மேகப் பாட்டைச் சொல்லிக்கொடுத்து வாய்விட்டுப் பாடச் சொன்னாள். பாடுகிறவன் மூச்சை அடக்க முடியாது. வீட்டில் செய்யும்போதும் சத்தமாகப் பாட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியதும் அவள்தான்.

மகளும் மாப்பிள்ளையும் இருக்கிற வீடு அது. நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வருகிறார். நனைந்த துணியை அவர்கள் எழுவதற்கு முன்பே தானே அலசிவிடுவார். அறைக்குள் வருகிற நோயாளியைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது என்பது மருத்துவமனை விதி. விதி இல்லாவிட்டாலும் இதைச் சொல்ல அவளுக்கு வாய் வராது. ஆதாரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, தொட முடியவில்லை. யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

கணவரிடம், ஆள் யாரென்று தெரியும், ஆனால் சொல்ல முடியாது என்று மட்டும் சொன்னாள். சொன்னால் தலையா போய்விடும் என்றார் அவர். என் தலை போகாது, இன்னொருத்தர் மானம் போகும் என்றாள்.  மறுபரிசீலனைக் கடிதத்தை மூன்று முறை எழுத உட்கார்ந்தாள். 'இந்தப் பாட்டை நான்தான் போட்டேன்' என்பதற்கு மேல் ஒரு வரி ஓடவில்லை. அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டால் அதே வரியைத்தான் இன்னும் சத்தமாகச் சொல்ல முடியும்.

வியாழக்கிழமை பூகோள சார் சிரித்துக்கொண்டே வந்தார். இந்த வாரம் ஒரு தடவைகூட நனையவில்லையாம். சினிமாவுக்குப் போய், இடைவேளைவரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாராம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு படுக்கச் சொன்னாள். பாதிப் பயிற்சி முடிந்து எழுந்து உட்கார்ந்தவர், ஒரு வேடிக்கை சொல்கிறேன் கேளுங்கள் என்றார்.

"போன மாசம் மாப்பிள்ளை கேட்டுட்டார்மா, 'மாமா, குளிக்கும்போது பாடறீங்களே, என்ன பாட்டு அது?'ன்னு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. எங்கம்மா பாடுவாங்கன்னு அடிச்சு விட்டேன். எங்கம்மாவுக்குப் பாட்டே வராது."

அவர் சிரித்தார். நாலு நாளாக அடக்கி வைத்திருந்தது அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

"சார், அது என் பாட்டு. நான் போட்டது."

"நீங்க போட்டதா? பயிற்சியோட சேர்த்து உங்களுக்குப் படிப்புல சொல்லிக் குடுத்ததுன்னு நெனச்சேன்."

அதுதான் அவளுக்குத் தைத்தது. அறக்கட்டளை தெரியாமல் சொன்னது. வாரம் தவறாமல் அவள் வாயாலேயே கேட்டுப் பழகியவருக்கும், இதை ஒரு ஆள் போட்டிருப்பாள் என்று தோன்றவில்லை. அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். விண்ணப்பம், நடுவர், மரபு, நாளை கடைசி நாள் என்பது வரைக்கும். சின்னப் பையன்களைத் திட்டுகிற குரலில் திட்டினாள் என்றுகூடச் சொல்லலாம். வாரக்கணக்கில் கெஞ்சிக் கூத்தாடி எழுதினதெல்லாம் உங்கள் ஒரு பொய்யில் போயிற்று என்றாள். சொல்லி முடித்தபிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று வருந்தினாள்.

 பூகோள சார் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார்.

"வேண்டாம் சார். நான் வேற ஒண்ணு போட்டுக்கறேன்."

"கொஞ்சம் சும்மா இருங்கம்மா."

காது மந்தம் என்பதால் அவர் எப்போதும் ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவார். மாப்பிள்ளையின் குரல் அறை முழுக்கக் கேட்டது. எங்கே இருக்கிறீர்கள் மாமா, நூலகத்திலா என்று விசாரித்தது.

"இல்ல மாப்பிள்ளை. ஆஸ்பத்திரியில இருக்கேன். பயப்படாதீங்க. எனக்கு மூத்திரம் நிக்க மாட்டேங்குது. ரொம்ப நாளா. அதுக்குத்தான் வாராவாரம் இங்க வர்றேன். குளியலறையில நான் பாடறது எங்கம்மா பாட்டு இல்ல. உங்ககிட்ட சொல்ல வெட்கப்பட்டுப் பொய் சொன்னேன். இங்க எனக்குப் பயிற்சி குடுக்கற பிசியோ அம்மா போட்ட பாட்டு அது. அவங்க அப்ளிகேஷனைத்தான் நீங்க தள்ளிட்டீங்க."

   பேராசிரியர் பேசினார். மாமா, இதை நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டியிருக்கும், பாட்டு எப்படிப் பழக்கமானது என்பதையும் எழுத வேண்டும், நடுவர்கள் எல்லோரும் படிப்பார்கள், பரவாயில்லையா என்று மெதுவாகக் கேட்டார்.

"படிக்கட்டும். அதுல யாருக்காவது இந்தத் தொல்லை இருந்தா இங்க அனுப்பி வைங்க. நல்லாப் பார்ப்பாங்க."

கைப்பேசியை வைத்துவிட்டு அவர் அவளைப் பார்க்காமல் ஒரு தாள் கேட்டார். பிசியோ அம்மா அறக்கட்டளைக்கென்று சில வசவுகள், விதிகளுக்கென்று சில, இந்த மனிதருக்கென்று சில என்று வாரம் முழுக்கச் சேர்த்து வைத்திருந்தாள். அத்தனையையும் அப்படியே விட்டுவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி, ஒழுங்காகத் தொங்கிக்கொண்டிருந்த ரப்பர் பட்டைகளைக் கழற்றி, மறுபடி அதே ஆணியில் மாட்டினாள். திரும்பியபோது அவள் குரல் வழக்கத்தைவிடக் கடுமையாக இருந்தது.

"தாள் அப்புறம் தர்றேன். படுங்க சார், இன்னும் பாதி பாக்கி இருக்கு."