கம்பியில் குத்திய ராஜ்ஜியம்

எனக்கு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தால்தான் சோறு இறங்கும். இன்றைக்கும் அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்குள் ஒரு வெந்தயம் கிடந்தால் அதைப் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் தாளிப்பேன். வீட்டில் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், சிதம்பரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில் கரண்ட் பில் குத்தி வைக்கும் கம்பியோடு நான் போட்ட சண்டையிலிருந்து வந்தது என்பேன்.

சண்டை உண்மையில் மாமாவோடு. அம்மாவின் தம்பி. பெங்களூரில் கொஞ்ச நாள் வேலை பார்த்துவிட்டு, கடலூரில் ஓர் ஆபீசில் சேர்ந்து, எங்கள் வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தார். பெங்களூரிலிருந்து அவர் கொண்டுவந்த சொத்து இரண்டு. ஒன்று, பழைய கம்ப்யூட்டர். இன்னொன்று, ஒரு விளையாட்டு. அதற்குப் பலகையும் கிடையாது, காயும் கிடையாது. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு ஆளாக இருந்துகொண்டு, கதவைத் திறக்கிறேன், ஓடி ஒளிகிறேன் என்று சொல்ல வேண்டும். கதவு திறக்குமா என்பதை இருபது முகம் கொண்ட பகடை தீர்மானிக்கும்; அப்படிப் பல நிறத்தில் ஒரு பை நிறைய வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் பாய் விரித்தால், சாயங்காலக் காபி வரைக்கும் கதை போகும். விட்ட இடத்திலிருந்து அடுத்த ஞாயிறு தொடரும்.

ஆடியது நாங்கள் மூன்று பேர். நான் மந்திரக்காரி. என் தம்பி திருடன். எந்த ஊருக்குள் நுழைந்தாலும் முதல் காரியமாக ஓர் ஆட்டைத் திருடுவான், எதற்கென்று அவனுக்கே தெரியாது. மூன்றாவது ஆள் பெரியம்மாவின் பையன், எங்களுக்கு அண்ணன். அவன் படகோட்டி. கழிமுகத்துக் காட்டுக்குள் துடுப்புப் போட்டுக்கொண்டு, தீவுக்குப் போய்த் திரும்பாத தன் அப்பாவைத் தேடுகிறவன். அது மாமா கட்டிய கதை இல்லை. முதல் நாள் மாமா எங்கள் ஒவ்வொருவரிடமும், "உன் ஆளுக்கு என்னா வேணும்?" என்று கேட்டார். நான் பறக்கும் செருப்பு கேட்டேன். அண்ணன் இதைக் கேட்டான்.

அண்ணனும் பெரியம்மாவும் குமராட்சியை விட்டு எங்களோடு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பெரியப்பா வேலைக்கென்று திருப்பூர் போனார், போனவர் போனவர்தான். போன் இல்லை, ஆள் மூலம் தகவல் இல்லை. தேடிப்போன மாமா, பெரியப்பா சொன்ன கம்பெனியில் அப்படியோர் ஆள் சேரவே இல்லை என்று கேட்டுக்கொண்டு திரும்பிவந்தார். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. எனக்கு இதெல்லாம் வளர்ந்த பிறகுதான் தெரியும். கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் பெரியப்பாவை விசாரித்தால், பெரியம்மா அவர்கள் நீட்டும் குங்குமத்தை எடுத்து வைத்துக்கொண்டே, "வேலையா வெளியூர் போயிருக்காரு" என்பார். நானும் அதையே நம்பினேன். ஆறாவது படிக்கிற பெண்ணுக்கு வெளியூர் என்றால் வெளியூர்தான்.

மாமாவின் கதையில் ராஜாக்களும் கணக்கப்பிள்ளைகளும் சந்தைக்காரர்களும் பெருகிக்கொண்டே போனார்கள். அத்தனையையும் அவர் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தில் எழுதி, கூடத்துச் சுவரில் தொங்கிய கம்பியில் கரண்ட் பில்லுக்கு மேலேயே குத்தி வைப்பார். எங்கள் வீட்டில் பத்திரிகையைக் குப்பையில் போடும் வழக்கம் இல்லாததால் அவருக்கு அட்டைப் பஞ்சமே வரவில்லை. ஒரு பக்கம் மஞ்சள் தடவிய மூலையோடு மணமக்கள் பெயர், மறுபக்கம் முதலைக் கோட்டை. கம்பியின் கோளாறு என்னவென்றால், கடைசியாகக் குத்தியதுதான் மேலே இருக்கும். அடியில் இருப்பது வேண்டுமானால் எல்லாவற்றையும் உருவ வேண்டும். மாமாவுக்கு அதற்குச் சோம்பல். ஞாபகத்திலிருந்து அடித்துவிடுவார். அதனால் நாங்கள் உயிரைக் கொடுத்துக் கொன்ற கோட்டைக் காவல்காரன், அடுத்த வாரமே சந்தையில் உட்கார்ந்து எங்களுக்குக் கருவாடு விற்றான்.

"மாமா, இவன் செத்துட்டான்," என்றேன்.

"அப்டியா? அப்ப இது அவன் தம்பி."

"ரெண்டு பேருக்கும் ஒரே பேரா?"

"ஜாஸ்தி கேள்வி கேக்காத வாத்தியாரம்மா. கருவாடு வேணுமா வேணாமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ராஜ்ஜியத்தை இனி எதில் எழுதி வைப்பது என்று முடிவு செய்தே ஆக வேண்டும் என்று கொடி பிடித்தேன். கம்பியை என்னைவிட அதிகமாகத் திட்டிக்கொண்டிருந்த அண்ணன், கோடு போடாத நீள நோட்டு ஒன்று வாங்கிவந்து ஊருக்கு ஒரு பக்கம் ஒதுக்கினான். சந்தைப் பக்கம் இரண்டே வாரத்தில் நிரம்பி, மீதி ஆட்கள் முதலைக் கோட்டைக்குக் குடிபெயர்ந்தார்கள். தம்பி சுவரில் கரியால் எழுதலாம் என்றான். அம்மா ஒரு பார்வை பார்த்தாள், அத்தோடு அந்த யோசனை முடிந்தது. என் பங்குக்கு நான் கம்ப்யூட்டரைக் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் எக்செல் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பெயரை அடித்தால் ஆளைத் தேடிக் கொடுக்கும் என்பது எனக்கு என் மந்திரத்தைவிடப் பெரிய மந்திரமாக இருந்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்துக் கட்டம் கட்டமாக நிரப்பினேன். பெயர், ஊர், தொழில், கடைசியாகப் பார்த்த இடம். அதற்குப் பக்கத்தில், காவல்காரன் இன்னொரு தரம் எழுந்து வராமல் இருக்க, உயிரோடு இருக்கிறாரா என்று ஒரு கட்டம்.

பாதியில் ஒருநாள் கரண்ட் போய், அடித்ததெல்லாம் பறந்தது. அந்தக் காலத்தில் கரண்ட் சொல்லிவிட்டும் போகும், சொல்லாமலும் போகும். "எங் கம்பிக்கு கரண்டு வேணாம்," என்று மாமா சிரித்தார். நான் விடவில்லை. மறுபடி அடித்தேன், ஒவ்வொரு வரிக்கும் சேவ் செய்துகொண்டே.

ஒரு சனிக்கிழமை மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கடைசிக் கட்டத்தை நிரப்ப ஆரம்பித்தேன். அண்ணன் கீழே பாயில் பகடைகளை உருட்டிக்கொண்டிருந்தான். தம்பி அவன் முதுகில் சாய்ந்திருந்தான். சற்றுத் தள்ளி பெரியம்மா அரிவாள்மனையில் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார்.

"முதலைக் கோட்டை ராஜா?"

"இருக்காரு."

"கணக்கப்பிள்ளை?"

"போய்ட்டாரு, பாவம்."

"தம்பி திருடின ஆடு?"

"அது நல்லா இருக்கு."

"படகோட்டியோட அப்பா?"

மாமா பாயில் இருந்த அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். "அத விடு," என்றார்.

"விட முடியாது மாமா. ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு போடணும். இத்தன நாளா ஆளையே காணும். செத்துட்டாருன்னு போட்டுடவா?"

அரிவாள்மனைச் சத்தம் நின்றது. பெரியம்மா தலையைத் தூக்கவில்லை. மாமா என் கையைக் கீபோர்டிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டார். திட்டியிருந்தால்கூட எனக்கு விஷயம் புரிந்திருக்கும்.

"எனக்கே தெரியாது பாப்பா. தெரியாதத எப்டிப் போடுறது?"

"கதை உங்களுதுதான?"

"கதை என்னுதுதான்," என்றார்.

தம்பிதான் வழி கண்டுபிடித்தான். பகடை எதற்கு இருக்கிறது, போட்டுப் பார்த்துவிட்டால் போச்சு, பத்துக்கு மேல் விழுந்தால் இருக்கிறார் என்றான். எனக்கு அது நியாயமாகப் பட்டது. எல்லோரும் அண்ணனைப் பார்த்தோம். அண்ணன் பகடையைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டான். தம்பி விரல்களைப் பிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

"போட்டா எதாவது ஒண்ணு விழுந்துடும்டா," என்றான் அண்ணன். பிறகு என்னைப் பார்க்காமல், "கம்பியே இருக்கட்டும் மாமா," என்றான்.

கம்பியை அத்தனை திட்டியவன் கடைசியில் கட்சி மாறிவிட்டான். தம்பியும் தேன்மிட்டாய்க்கு ஆசைப்பட்டு மாமா பக்கம் சாய்ந்தான். மூன்று பேர் ஒருபக்கம், நான் ஒருபக்கம். கொல்லைக் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன். சாப்பிட மாட்டேன் என்று அறிவித்தேன். சாயங்காலம் அம்மா வடை சுட்டதால் அதைக் காப்பாற்ற முடியவில்லை. ஒழுங்கு என்றாலே இந்தக் குடும்பத்துக்கு ஆகாது என்று மட்டும் மனதில் பதிந்துபோயிற்று.

அதன் பிறகு மாமா ஒரு வேலை செய்தார். ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டத்துக்கு முன்னால், உருவச் சோம்பல்பட்ட அதே மனுஷர், கம்பியில் இருந்த எல்லாவற்றையும் உருவி, படகோட்டியின் அப்பா அட்டையை மேலே வருகிற மாதிரி குத்தினார். அதில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கும். தீவுக்குத் தெற்கே வலை போட்ட ஒருவன் அவரைத் தூரத்தில் பார்த்தான். உப்பளத்து ஓரம் அவர் போடுகிற மாதிரி முடிச்சுப் போட்ட கயிறு கிடந்தது. அண்ணன் அதைப் படித்துவிட்டுத்தான் பாயில் உட்காருவான். கதை ஓர் அடி நகரவில்லை என்று நான் அம்மாவிடம் புகார் செய்தேன். அம்மா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

பெரியம்மாவும் அதைப் படிப்பதை நான்தான் கண்டுபிடித்தேன். கூடத்தைப் பெருக்கும்போது கம்பியருகே விளக்குமாறு நிற்கும். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு மறுபடி பெருக்குவார். எனக்கு ஒரே சந்தோஷம். பெரியம்மாவுக்கு விளையாட்டுப் பிடித்துவிட்டது, அவர் என் கட்சிக்கு வந்தால் இரண்டு பேர் ஆகிவிடுவோம். அவருக்கும் ஓர் ஆள் செய்து கொடுங்கள் என்று மாமாவிடம் கேட்டேன். மாமா சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விட்டார். பெரியவர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ள இத்தனை கஞ்சத்தனமா என்று கோபம் வந்தது.

நானே நேராக அடுப்படிக்குப் போனேன்.

"நீங்களும் ஆட்டத்துக்கு வாங்க பெரியம்மா. உங்க ஆளுக்கு என்னா வேணும், சொல்லுங்க."

பெரியம்மா என்னைப் பிடித்து இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டார். வெகுநேரம் விடவே இல்லை. புடவையில் மண்ணெண்ணெய் வாசனை அடித்தது, எனக்கு மூச்சு முட்டியது. கேட்டவுடன் சொல்லத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்று விட்டுவிட்டேன். அவர் வருகிற அன்றைக்கு வேண்டுமே என்று, இருப்பதிலேயே அழகான பச்சைப் பகடையை எடுத்துத் தனியாக வைத்தேன்.