பூசி அடைத்த இடைவெளி

வீட்டு வரைபடம் கேட்டுக் கோவில்பட்டி அலுவலகத்திற்கு வருபவர்களிடம் சத்தியபாமா முதலில் கேட்கும் கேள்வி, மண் எது என்பதுதான். வருபவர்களோ கைப்பேசியில் யாரோ ஒருவருடைய பங்களாவின் முகப்பைக் காட்டி, தூண் இதேபோல் உருண்டையாக வர வேண்டும் என்பார்கள். மழையில் ஊறி உப்புவதும் வெயிலில் காய்ந்து கை நுழையப் பிளப்பதுமான கரிசலின் மேல் எந்தத் தைரியத்தில் இவ்வளவு கனத்தை ஏற்றுகிறார்கள் என்னும் எரிச்சல், டிப்ளமோ முடித்துத் தொழிலுக்கு வந்த நாள் முதல் அவரை விட்டு நீங்கவில்லை.

அவர் பிறந்தது நாகலாபுரத்திற்கு அப்பால் ஆட்டுக்காரர்கள் வாழும் ஒரு சிற்றூர். அங்கே காரைவீடு கட்டிய உறவினர் அனைவரும் ஆண்டுதோறும் விரிசலைப் பூசி மறைத்ததைப் பார்த்தே வளர்ந்தார். மண் அசையும், அதனோடு சேர்ந்து அசையக் கட்டடத்துக்கும் இடம் விட வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. எதுவும் நிலையாக நிற்காத நிலத்தில் நிலையான வீடு கேட்பது வீம்பு என்று முகத்துக்கு நேரே சொல்லி, வந்த வேலைகள் பலவற்றை இழந்தவர்.

அந்தச் சிற்றூருக்குத் தம் தந்தையார் நினைவாகப் பால்வாடி கட்டித்தரத் தீப்பெட்டி ஆலை முதலாளி செல்லத்துரை முன்வந்தார். மனத்திலிருந்த கட்டடத்தைச் சத்தியபாமா அப்போதுதான் முழுமையாக வரைந்தார். இரண்டு அறைகள், ஒன்றையொன்று தொடாமல், நடுவே நாலு விரல் இடைவெளி. ஆழத்தில் ஊன்றிய தூண்களின் மேல், தரையோரமாகச் சுவரைத் தாங்கும் விட்டம். மண் உப்பி எழ அதன் அடியில் ஒரு சாண் வெற்றிடம். பாம்பு அடையாதிருக்க அதற்குக் கம்பி வலை. தரையில் மணல் பரப்பிச் சிமெண்டு இல்லாமல் கடப்பைக்கல். கோடை தோறும் கல்லைப் பெயர்த்து மணலைச் சமப்படுத்தலாம். ஊரே ஒருநாள் இடம் மாறினாலும் கூரையையும் சட்டங்களையும் கழற்றிக்கொண்டு போகலாம்.

கழற்றலாம் என்ற சொல்லே செல்லத்துரைக்குக் கசந்தது.

“எங்க ஐயா பேருல கட்டுதேன். கழட்டி மாட்டுததுக்கு இது என்ன பொருட்காட்சிப் பந்தலா?” என்றார்.

ஆயினும் வேலை நடந்தது. ஆவணியில் திறப்பு விழாவுக்குப் போன சத்தியபாமா வாசலிலேயே நின்றுவிட்டார். இடைவெளியைச் சிமெண்டால் அடைத்துப் பூசி, வெள்ளையும் அடித்திருந்தார்கள். வலை வராததால் விட்டத்தின் அடியிலும் சல்லியை இட்டு நிரப்பியிருந்தார்கள். கொத்தனார் ராமசுப்புவைக் கேட்டபோது, தாம் தடுத்துப் பார்த்ததாகவும், பால் காய்ச்சும் நாளில் சுவரில் பிளவு தெரிந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று முதலாளி வீட்டார் நெருக்கியதாகவும் சொன்னார். சத்தியபாமா செல்லத்துரையிடம் அன்றே உடைக்கச் சொன்னார். அவரோ நல்ல காரியத்தில் உடைப்பதைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டுப் பொன்னாடையை நீட்டினார். அதை வாங்காமல் சத்தியபாமா பேருந்து ஏறிவிட்டார்.

ஐப்பசி மழை நான்கு நாள் விடாமல் பெய்தது. அடியில் இருந்த சல்லியை மண் உந்த, சல்லி விட்டத்தை உந்தியது. சுவர் மூலைக்கு மூலை கிழிந்தது. நிலை கோணி, உள்ளே பிள்ளைகள் இருக்கும்போதே கதவு இறுகிக்கொண்டது. ஜன்னல் கம்பியை அறுத்து ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கி வெளியே எடுத்தார்கள். எவருக்கும் காயமில்லை. ஆனால் மாலைக்குள், பொம்பளை போட்ட பிளான் அப்படித்தான் இருக்கும் என்ற பேச்சு கோவில்பட்டி வரை வந்து சேர்ந்தது.

பேச்சைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். கிழிசலைப் பூசிவிட்டுத் திங்கட்கிழமை மறுபடியும் பிள்ளைகளை உள்ளே விடப்போகிறார்கள் என்ற செய்தியைத்தான் பொறுக்க முடியவில்லை. அடைத்த இடைவெளியை அறுத்துத் திறந்து, அடியிலுள்ள சல்லியையும் வாரி எடுக்க, அறுக்கும் இயந்திரத்தோடு அதை இயக்கும் சுடலைமணியைக் கூட்டிக்கொண்டு, ஞாயிறு காலையிலேயே போய் இறங்கினார். ஊர்க்காரர்கள் கூடினார்கள், செல்லத்துரையும் காரில் வந்தார்.

விழாவுக்குப் பிறகு அங்கே ஒரு கருங்கல் பலகை ஏறியிருந்தது. கட்டடத்தின் சரிநடுவில், பூசி அடைத்த இடைவெளியின் மேலேயே, தந்தையாரின் பெயர் பொன்னெழுத்தில் மின்னியது.

“கல்லக் கழத்துதீங்களா அண்ணாச்சி, இல்ல சேத்தே அறுக்கட்டா?” என்றார் சத்தியபாமா.

“எங்க ஐயா பேரும்மா அது.”

“அந்தப் பேருக்குப் பின்னாலதான் நாளைக்குப் பிள்ளைக உக்காரப் போகுது.”

செல்லத்துரை கூட்டத்தைப் பார்த்தார். ஜன்னல் வழியாக எடுக்கப்பட்ட பிள்ளைகளில் ஒருத்தியின் தாய் முத்துச்செல்வி, இடுப்பில் மகளோடு முன்னே வந்து நின்றாள்.

“கதவு தொறக்காம எம் பிள்ள கத்துன கத்து உங்களுக்குக் கேட்டிருக்காது மொதலாளி. நீங்க கழத்தலன்னா நான் கழத்துதேன். இந்தா, இவளப் பிடிங்க” என்று பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

கையில் பிள்ளையோடு அவரால் தடுக்க முடியவில்லை. பலகை இறங்கியது.

“அப்ப, இதுக்குப் பொறவு கட்டடம் அசையாதுல்லா?” என்று கேட்டார் செல்லத்துரை. குரலில் பாதி சமாதானம்.

சத்தியபாமாவுக்கு மறுபடியும் கோபம் மூண்டது.

“அசையும். வருசா வருசம் அசையும். கல்லப் பேத்து மணலச் சரி பண்ணிக்கிட்டே இருக்கணும். மாட்டோம்னா இப்பமே சொல்லிருங்க, முழுசா இடிச்சிட்டுப் போறேன்.”

செல்லத்துரை பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு சுவரை விட்டு விலகி நின்றார். அவர் சுடலைமணிக்குக் கை காட்டினார். இயந்திரம் சுவரில் இறங்கியது.