எண்ணிக்கை கூடும் என்று சொன்ன தனலெட்சுமி

செய்தி சிங்களத்தில் வந்தது. ஹட்டனில் எங்கள் சிறுவர் நன்னடத்தை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். பொலிஸ் சிறுவர் பிரிவுப் பெண் சார்ஜன்ட் அழைத்து, "நெதி உனா, சேர்" என்றார். காணாமற்போனதற்கும் இறந்துபோனதற்கும் சிங்களத்தில் ஒரே சொல்தான். எங்கள் வேலையில் முதல் அர்த்தமே அடிக்கடி காதில் விழும். பேனையை எடுத்துக்கொண்டு, "வயது என்ன?" என்று கேட்டேன். சார்ஜன்ட் தமிழுக்கு மாறி, "நம்ம தனலெட்சுமி மிஸ்" என்றார்.

வயது நாற்பத்து நான்கு. பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை உத்தியோகத்தர். காலையில் அலுவலகப் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், மதியத்துக்குள் இல்லாமற் போனார். மூளையில் இரத்தக்கசிவாம். முதல் நாள் மாலைகூட என்னோடு பேசினார். "தல கொஞ்சம் பாரமா இருக்கு சார், நாளைக்குப் பேசுவோம்" என்றார். நானும் சரி என்று தொலைபேசியை வைத்துவிட்டேன். அவரை அறிந்த நீங்களும் என்னைப்போலவே இன்னும் திகைத்துத்தான் இருப்பீர்கள்.

அவரோடு போன ஒரு பயணத்தைச் சொல்ல வேண்டும். மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றில் ஒரு சிறுமி. தாய் வெளிநாட்டில், சித்தப்பா வீட்டில் வளர்ந்தாள். கை முறிந்து வைத்தியசாலைக்கு வந்தவளைப் பார்த்த டாக்டருக்குச் சந்தேகம். பொலிசுக்குக் கடிதம் எழுதினார். அது வேறொரு பிரிவுக்குப் போய், அங்கிருந்து திரும்பி, எங்களிடம் வந்து சேர்வதற்குள் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். நாங்கள் அவர்கள் குடியிருந்த லய வீட்டுக்குப் போனபோது அவளுடைய மற்றக் கையும் முறிந்திருந்தது.

அன்றே அவளை அங்கிருந்து மீட்டோம். திரும்பும் வழியில், ஹட்டன் கடைத்தெரு வந்தபோது தனலெட்சுமி சொன்னார். "கடிதாசி பஸ்ஸுல வந்திருக்கு சார். அடிச்சவன் புள்ள பக்கத்துலயே இருந்திருக்கான்."

ஒரு கணினிப் பதிவு முறையைப் பற்றி அவர் யோசிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். வைத்தியசாலையில் ஒரு தாதி பதிந்தால், அதே நிமிடம் பொலிசுக்கும் பிரதேச செயலகத்துக்கும் எங்களுக்கும் தெரிய வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் பதிய முடிய வேண்டும். அதற்கு உதவி நிதி கேட்டு இரண்டு முறை விண்ணப்பித்தார். இரண்டு முறையும் கிடைக்கவில்லை. மூன்றாம் முறை நுவரெலியாவுக்கு நேர்முகத்துக்கு அழைத்தார்கள். நானும் பக்கத்தில் இருந்தேன். நிதிக் குழுவில் ஒருவர் கேட்டார்: "இந்த நிதியால் முறைப்பாடுகள் எவ்வளவு குறையும்?"

நல்லதாக ஏதாவது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். தனலெட்சுமி சொன்னார்: "கொறையாதுங்க சார். கூடும்."

அறையில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் குரலை உயர்த்தவில்லை. "இப்ப சொல்ல எடமில்லாமத்தான் கொறைவா இருக்கு. எண்ணிக்கை கூடுனா, புள்ளைங்க பேசுறது நம்ம காதுக்கு வருதுன்னு அர்த்தம். மாவட்டத்துக்குக் கெட்ட பேருன்னு நெனைக்கிறவங்க இப்பவே வேணாம்னு சொல்லிருங்க."

எல்லாம் போயிற்று என்று எண்ணிக்கொண்டு வெளியே வந்தேன். ஆனால் நிதி கிடைத்தது. எண்ணிக்கையும் கூடியது. அந்த அறிக்கையை மேலிடத்துக்கு அனுப்பும்போது அவர் கொஞ்சமும் தயங்கவில்லை.

அந்த முறை நடைமுறைக்கு வந்த பிறகு ராகலை வைத்தியசாலையில் ஒரு பிள்ளை. வீட்டுக்குக் கூட்டிப் போக மாமன் துணிப் பையோடு வாட்டுக்கு வந்தபோது, நம் சார்ஜன்ட் ஏற்கனவே வாசலில் நின்றிருந்தார். தனலெட்சுமியை அழைத்து வாழ்த்தினேன். "வாழ்த்த அந்தத் தாதிக்குச் சொல்லுங்க சார். பதிஞ்சது அவங்க" என்று வைத்துவிட்டார்.

இன்னொரு நாள் நான் தனலெட்சுமியின் அலுவலகத்தில் இருந்தபோது, செல்வாக்குள்ள ஒரு மனிதர் அவருடைய மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, தன் உறவினரைப் பற்றி முறையிட்டது யார் என்று கேட்டார். தனலெட்சுமி கணினியை மூடினார். "டீ போடச் சொல்றேங்க, குடிச்சிட்டுப் போங்க. பேரு மட்டும் கெடைக்காது." வந்தவர் இடமாற்றம் பற்றிப் பேசினார். "எங்க போட்டாலும் எனக்கு இதே வேலதானுங்க" என்றார் தனலெட்சுமி. வந்தவர் எழுந்து போனதும் கணினியைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து தட்டத் தொடங்கினார்.

கந்தப்பளையில் அவர் பிறந்த தோட்டத்திலேயே அடக்கம் நடந்தது. சீருடையோடு வந்த சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மழையில் நனைந்தபடி நின்றார். குடை பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

அடக்கம் முடிந்து மறுநாள் அலுவலகத்துக்குப் போனேன். திரையில் ஒரு புதிய முறைப்பாடு வந்திருந்தது. வழக்கமாக இந்த நேரத்தில் தனலெட்சுமியின் அழைப்பு வந்துவிடும். யார் செய்தது, எப்படி நடந்தது என்றெல்லாம் நான் சொல்லத் தொடங்கினால் நிறுத்திவிடுவார். "அதெல்லாம் அப்பறம். புள்ள இப்ப எங்க இருக்கு?" என்பார். அன்று நானே வைத்தியசாலைக்கு அழைத்தேன். தாதி பேசினார். வணக்கம்கூடச் சொல்லவில்லை நான்.

"புள்ள இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தக் கேள்விதான்.