நாட்டின் நலம் என்று எழுதிய காசு

2009 வைகாசி கடைசி வெள்ளி. காலை ஆறு மணிக்கு நாங்கள் வசிக்கும் ஹேர்னிங்கிலிருந்து காரில் புறப்பட்டோம். கோபன்ஹேகனுக்கு ஏறத்தாழ முந்நூறு கிலோமீற்றர். போர் முடிந்துவிட்டது என்று அறிவித்து இரண்டு கிழமை ஆகவில்லை. என் கணவரின் தம்பி குமரன் முள்ளிவாய்க்காலில் இறந்த செய்தி அதற்குப் பிறகுதான் வந்தது.

கணவரின் சட்டைப்பையில் சுண்டுவிரல் நகமளவு ஒரு வெண்கலக் காசு, தேய்ந்த ஒரு பெண் உருவத்தோடு. மன்னாரில் கிணறு வெட்டும்போது குமரன் கண்டெடுத்தது. இவர் நாட்டை விட்டு வரும்போது, "அங்க படிச்ச ஆக்களிட்டக் காட்டி, என்னெண்டு கேட்டுச் சொல்லண்ணை" என்று தந்துவிட்டான். தொலைபேசியில் கதைக்கும்போதெல்லாம் கேட்பான். தொழிற்சாலை, லீவு கிடைக்கவில்லை என்று இவர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

ஸ்டோரபெல்ட் கடற்பாலத்தில் காற்று காரை உலுக்கியது.

"இப்ப கேட்டு என்ன செய்யப் போறியள்?" என்றேன்.

"கேக்கச் சொன்னவனல்லோ."

பத்தரைக்கு அருங்காட்சியகம். கண்ணாடிப் பெட்டிக்குள் ரோமரின் பெரிய வெண்கலக் காசுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெண்: ஒலிவக் கிளையோடு அமைதி, பூவோடு நம்பிக்கை, தராசோடு நேர்மை. எங்கள் காசில் இருப்பவளும் இவர்களில் ஒருத்தியாக இருப்பாள் என்று நினைத்தேன்.

நாணயப் பிரிவுப் பெண் உருப்பெருக்கியை வைத்து நெடுநேரம் பார்த்தாள்.

"இவள் ரோமரின் வெற்றித் தேவதை. கைதி ஒருவனைத் தலைமயிரில் பிடித்து இழுத்துப் போகிறாள். சுற்றிவர எழுதியிருப்பது, நாட்டின் நலம். இலங்கையில் இந்த வகை நிறையக் கிடைத்திருக்கிறது."

கணவர் காசைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு டேனிஷில், "தாய் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறாள் என்றுதான் தம்பி நினைத்திருந்தான்" என்றார்.

அவள் உருப்பெருக்கியைக் கீழே வைத்தாள். "தேய்ந்த காசு. அப்படியும் தெரியும்" என்றாள்.

வெளியே வந்தோம். அமைதியும் நம்பிக்கையும் கண்ணாடிக்குள் இருந்தன. எங்கள் கரைக்குக் கப்பலேறி வந்தவள் வேறொருத்தி.

திரும்பும் வழியில் நியூபோர் பெற்றோல் நிலையத்தில் நிறுத்தினோம். வாங்கிய கோப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"அவனுக்குத் தெரியாமல் போனது நல்லதுதானே" என்றேன்.

"இல்லையப்பா. சொல்லியிருந்தால் என்னோட சண்டை பிடிச்சிருப்பான். அந்த டேனிஷ்காரிக்குக் கண் தெரியாது எண்டிருப்பான். அந்தச் சத்தத்தையாவது ஒருக்காக் கேட்டிருக்கலாம்."

கார்த் திறப்பை என்னிடம் நீட்டினார். மிச்ச வழி முழுவதும் நான்தான் ஓட்டினேன்.