வளைவில் நிற்கும் லேயாள்

மலைக்கிராமமான நெல்லிவாசலுக்கு ஜீப் எப்போது வரும் என்பது ஓட்டுநருக்கே தெரியாது. ஆனாலும் ஞாயிறு விடிந்ததும் லேயாள் வேதாகமத்தைப் பையில் போட்டுக்கொண்டு, ஆலங்காயம் சர்ச்சுக்குப் போக வளைவில் வந்து நின்றுவிடுவாள். உட்காரவே மாட்டாள். யாரோடு பேசினாலும் காது மட்டும் ரோட்டுப் பக்கமே இருக்கும். ஜீப் வராத வாரம் அங்கேயே நின்று ஜெபம் பண்ணிவிட்டுத் திரும்புவாள். அடுத்த வாரமும் முதல் ஆள் அவள்தான்.

ஒரு ஞாயிறு, தானும் ஆலங்காயம் போக வந்திருந்த பக்கத்து வீட்டு ராஜாக்கண்ணு, டீக்கடை பெஞ்சில் சாய்ந்தபடி சீண்டினார். "இன்னா லேயாளு, ஜீப்பும் வரும்ன்ற, உங்க ஏசுவும் வருவாருன்ற. ரெண்டையும் காணோமே!"

"வர்றேன்னு சொன்னவரு வருவாருண்ணா. நீங்க டீயக் குடிங்க."

அந்த நேரம் பார்த்து, ஹாரன்கூட அடிக்காமல் ஜீப் வந்து நின்றது. முன் சீட்டில் ஏறிய லேயாள், ஓட்டுநரின் கையைப் பிடிக்காத குறையாக வண்டியை நிறுத்திவைத்தாள். டீயைப் பாதியில் போட்டுவிட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி ராஜாக்கண்ணு ஓடிவந்து ஏறினார்.

"நல்லவேளை, நிறுத்தி வெச்சே!" என்று மூச்சு வாங்கினார்.

"ஜீப்புன்றதால நிறுத்தி வெச்சேண்ணா," என்று சிரித்தாள் லேயாள். "அவரு வர்றப்போ என்னால நிறுத்தி வெக்க முடியாது."