பூண்டு வாடையும் ஒரு பாடம்

ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளியில் விஞ்ஞானம் நடத்துவது, அடுப்பே இல்லாமல் சமையல் சொல்லிக்கொடுப்பது மாதிரி. இந்தப் பாடு பட்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். ஐம்பதுகளின் கடைசியில், சிராங்கூன் சாலைக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் இருந்த தமிழ்ப் பள்ளியில் நானும் மூன்று வருஷம் பட்டேன். பொருள்களின் பௌதிகக் குணம், ரசாயனக் குணம் என்பதுதான் பாடம். கைவசம் இருந்தது கரும்பலகையும் இரண்டு கண்ணாடிக் குவளையும்.

ஐஸ் கட்டி

திடம் திரவமாவதைக் காட்ட, தேக்கா சந்தையில் ஐஸ் வாங்கிச் சாக்கில் சுற்றி எடுத்துப் போனேன். வகுப்புக்குள் நுழையும்போது பாதிப் பாடம் என் கால்சட்டையில் இறங்கியிருந்தது. மிஞ்சியதைக் குவளைத் தண்ணீரில் போட்டேன். மிதந்தது.

முன்வரிசையில் இருந்த கமலம் எழுந்தாள். சலவைத் தொழிலாளி முனுசாமியின் மகள். "சார், வீட்டுல நெய் உருக்குறப்ப உறைஞ்ச கட்டி அடியிலதான் கிடக்குது. ஐஸ் மட்டும் ஏன் மேல நிக்குது?"

இத்தனை வருஷம் நெய் ஊற்றிச் சாப்பிட்டவன் நான், ஒரு நாளும் கவனித்ததில்லை. "தெரியலம்மா, பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் பஸ் பிடித்து ஸ்டாம்போர்டு ரோடு நூலகத்துக்குப் போனேன். பெரும்பாலான பொருள்கள் உறையும்போது சுருங்கும். தண்ணீர் உறையும்போது விரியும், அதனால் ஐஸ் தண்ணீரைவிட லேசு. மறுநாள் இதைச் சொன்னதும் வகுப்பே தலையாட்டியது. கமலத்துக்கு ஐஸைவிட வேறொன்றுதான் ஆச்சரியமாக இருந்திருக்கிறது. "நான் கேள்வி கேட்டா எல்லா வாத்தியாரும் 'உட்காரு'ன்னுதான் சொல்வாங்க. நீங்கதான் சார் பஸ் ஏறிப் போயிருக்கீங்க!"

துருக்கறை

இரும்பு ஆணியை உப்புத் தண்ணீரில் போட்டு, ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். கமலம் தன் டப்பாவை அப்பாவின் இஸ்திரி மேசையில் வைத்திருக்கிறாள். அது சாய்ந்து, யாரோ ஒருவருடைய வெள்ளைச் சட்டை முழுக்கத் துரு.

மறுநாள் காலை முனுசாமி அந்தச் சட்டையோடு பள்ளிக்கூட வாசலில் நின்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, நான் மன்னிப்பை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அவரோ, "பிள்ளைங்களைக் கூப்பிடுங்க சார்" என்றார். சட்டையை முற்றத்தில் விரித்து, கறைமேல் உப்பு தூவி, எலுமிச்சை பிழிந்து வெயிலில் விட்டார். அது காயும்வரை சும்மா இருக்கவில்லை. மஞ்சள் பட்ட துணியில் சோப்பைத் தேய்த்தார், இரத்தமாகச் சிவந்தது. அதிலேயே எலுமிச்சை பிழிந்தார், பழையபடி மஞ்சளானது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும்தான்.

மத்தியானத்துக்குள் துரு வெளுத்துவிட்டது. சட்டையை உதறி மடித்துக்கொண்டே சொன்னார்: "கறைக்கெல்லாம் ஒரே மருந்து கிடையாது சார். குணம் தெரியாம கை வச்சா துணிதான் போகும்."

அதிகாரி வந்தார்

ஆய்வுக்கூடம் கேட்டு நாங்கள் எழுதிய மனுவுக்குப் பதிலாக ஒரு கல்வி அதிகாரி வந்தார். பௌதிக மாற்றத்துக்கும் ரசாயன மாற்றத்துக்கும் உதாரணம் கேட்டார். பரோட்டாக் கடைக்காரர் மகன் இஸ்மாயில் எழுந்தான். "ஐயா, மாவை வீசலாம், மடிக்கலாம், மறுபடி உருட்டலாம். அது பௌதிகம். கல்லுல போட்டுச் சிவந்துட்டா யாராலயும் மாவாக்க முடியாது. அது ரசாயனம்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதிகாரிக்கும் மிகுந்த சந்தோஷம். குறிப்பேட்டை மூடிவிட்டு என் தோளில் தட்டினார்: "இவ்வளவு நல்லாப் புரிஞ்சிருக்கே, அப்புறம் ஆய்வுக்கூடம் எதுக்கு?"

பூண்டு

என் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே ராஜம்மா அக்கா வடை சுட்டு விற்பார். பள்ளிக்கூடம் போனவரில்லை. அவருக்கு அடுத்தாற்போல் ஒரு சீனரின் வெல்டிங் பட்டறை. ஒரு செவ்வாய்க்கிழமை, அங்கே இருக்கும் கார்பைடு கல்லைப் பற்றிப் பாடம் நடத்தினேன். சாம்பல் நிறக் கல். தண்ணீர் பட்டால் பூண்டு வாடையோடு வாயு கிளம்பும். நெருப்புப் பட்டால் வெடிக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை அடைமழை. கால்வாய் பொங்கித் தெருவுக்கு வந்தது. நான் நோட்டு திருத்திக்கொண்டிருந்தேன். பூண்டு வாடை வந்தது. வடை மணம் என்று நினைத்து, இரண்டு வாங்கலாமா என்றுகூட யோசித்தேன்.

அதற்குள் ராஜம்மா மண்ணெண்ணெய் அடுப்பை அணைத்துவிட்டு, "சார், பிள்ளைங்களை வெளிய கொண்டு போங்க!" என்று அலறினார். ஏனென்று கேட்க நான் வாயைத் திறக்கும் முன்பே பட்டறைக்குள் ஓடிவிட்டார். அங்கே தொழிலாளி ஒருவர் கையில் தீப்பெட்டி. "ஜாங்கான்! ஜாங்கான் பாசாங் ஆப்பி!" நெருப்பு வைக்காதே என்று ராஜம்மா மலாயில் கத்தியது எதிர்வரிசைக் கடைகள்வரை கேட்டது.

நாற்பது பிள்ளைகளோடு நான் எதிர்ப்பக்கக் கடைகளின் அஞ்சடி நடைபாதையில் போய் ஒதுங்கினேன். பட்டறை முதலாளியான சீனத் தவுக்கே உள்ளே போய்ப் பார்த்தால், மூடி சரியில்லாத கார்பைடு டின் வெள்ளத்தில் பாதி மூழ்கிக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. நீளக் கொக்கியால் அதை வெளியே இழுத்துப் போட்டு, எல்லாக் கதவையும் திறந்து வைத்தார்கள். வாடை அடங்க ஒரு மணி நேரம் ஆனது.

பாடம் நடத்திய எனக்கே தோன்றாதது உங்களுக்கு எப்படித் தோன்றியது அக்கா என்று கேட்டேன். நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே, என்னவோ நான் அசட்டுக் கேள்வி கேட்டுவிட்டதைப்போல் பார்த்தார். "செவ்வாக்கெழம நீங்கதானே சார் சொன்னீங்க? என் வடையில பூண்டே போடுறதில்ல. அப்புறம் வாடை எங்கேருந்து வரும்?"

பொருளின் குணத்துக்குப் புத்தகத்தில் இரண்டே தலைப்பு. அந்த இரண்டிலும் அடங்காத மனிதர்களுக்கு நடுவே, விஞ்ஞான வாத்தியார் என்ற பெயரில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவன் நான்.